தூண்டிலின் வளைவும் கையின் பொறுப்பும்

இரண்டு தூண்டில்களை மேசை மீது வைத்துப் பார்ப்போம். ஒன்று நாம் எல்லோரும் அறிந்தது. நேரான தண்டு, கீழே ஒரு வளைவு, பின்னர் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் கூர். 'ஜே' என்ற ஆங்கில எழுத்தை ஒத்திருப்பதால் அந்தப் பெயராலேயே உலகெங்கும் அதை அழைக்கிறார்கள். மற்றது ஏறத்தாழ வட்டமானது. அதன் கூர் மேல்நோக்கி நிற்பதில்லை. உட்பக்கமாக மடங்கித் தன் தண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதன்முறை பார்ப்பவர், இது எப்படி மீனைப் பிடிக்கும் என்று சந்தேகப்படுவார். யாரோ பிழையாக வளைத்துவிட்ட கம்பி என்றுகூட நினைக்கலாம். இதனை வட்டத் தூண்டில் என்கிறார்கள்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிறு கம்பி வளைவு மாத்திரமே. ஆனால் அந்த வளைவுக்குள் ஒழுக்கம் சார்ந்த பழையதொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இரக்கம் என்பது மனிதனின் உள்ளத்தில் இருப்பதா? அல்லது அவன் கையிலுள்ள கருவியின் வடிவத்திலும் இருக்கக் கூடியதா? கருவி இரக்கம் காட்டினால் அதன் நன்மை யாரைச் சேரும்?

முதலில் இந்த வளைவு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். இரை கோத்த ஜே தூண்டிலை மீன் விழுங்கிவிட்டால், கயிற்றை இழுக்கும்போது அதன் திறந்த கூர் எங்கு முதலில் படுகிறதோ அங்கேயே ஏறிவிடும். அது தொண்டையாக இருக்கலாம், செவுளாக இருக்கலாம், வயிற்றின் உட்சுவராகவும் இருக்கலாம். வட்டத் தூண்டிலின் கூர் உள்நோக்கி இருப்பதால் அது வழியிலுள்ள மென்மையான சதையில் எளிதில் ஏறுவதில்லை. மீன் இரையோடு திரும்பி நீந்த, கயிறு இறுக, தூண்டில் தொண்டையிலிருந்து வழுக்கி வெளியே வருகிறது. வாயின் ஓரத்தை அடைந்ததும் தாடையின் விளிம்பில் சுழன்று அங்கே கொளுவிக் கொள்கிறது. ஆகவே, பெரும்பாலான வேளைகளில் மீன் கடைவாயில்தான் அகப்படுகிறது. கடைவாயில் அகப்பட்ட மீனைக் கழற்றிக் கடலில் விட்டால் அது பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வயிற்றில் தூண்டில் ஏறிய மீனை விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வட்டத் தூண்டிலைப் பாவிப்பவர் சுண்டக் கூடாது. கைத்தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கடினமானது என்று தெரியும். தங்கூசியில் ஒரு துடிப்புத் தெரிந்ததும் கை தானாகவே வெடுக்கென்று சுண்டும். தகப்பன் அப்படித்தான் சுண்டினார், அவருடைய தகப்பனும் அப்படித்தான். ஆனால் வட்டத் தூண்டிலைச் சுண்டினால் அது கொளுவ நேரமின்றி மீனின் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். மீனைத் திரும்ப விட வேண்டும். கயிறு இறுகும் வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் ஒரே சீராகச் சுற்றி எடுக்க வேண்டும். பொறுமை இல்லாத கையில் இந்தத் தூண்டில் வேலை செய்வதில்லை.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட புதினமல்ல. இந்தோனேசியாவின் அலோர் தீவில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் எலும்புக்கூட்டோடு சிப்பி ஓட்டில் செய்த தூண்டில்களும் கிடைத்ததாக 2017ஆம் ஆண்டில் தொல்லியலாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை வட்ட வடிவமானவை. பசுபிக் தீவுகளின் மக்கள் எலும்பிலும் ஓட்டிலும் இத்தகைய உள்மடங்கிய தூண்டில்களை நெடுங்காலம் செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் இரக்கத்துக்காக அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அகப்பட்ட மீன் நழுவிப் போகாமல் இருப்பதற்காகவே செய்திருப்பார்கள். அண்மைக்கால வரலாறும் அதையே சொல்கிறது. வட பசுபிக் கடலில் ஹலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிக்கும் படகுகள் 1980களின் தொடக்கத்தில் ஜே தூண்டிலைக் கைவிட்டு வட்டத் தூண்டிலுக்கு மாறின. காரணம் எளியது. அதில் கூடுதலான மீன் அகப்பட்டது.

இங்கேதான் நமது கேள்வி கூர்மை பெறுகிறது. இலாபத்துக்காக ஏந்திய ஒரு கருவி, ஏந்தியவர் எண்ணாமலேயே உயிர்களின் வேதனையைக் குறைக்குமானால் அதை என்னவென்று சொல்வது?

கடலாமைகளின் கதையை இதற்கு அடுத்ததாகச் சொல்ல வேண்டும். வாள்மீனுக்காகவும் சூரைக்காகவும் பல மைல் நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்டில்களைக் கட்டிக் கடலில் விடும் முறை ஒன்று உண்டு. நமது நாட்டின் பலநாட் கலங்களும் சூரைக்கு அந்த முறையைப் பாவிக்கின்றன. அந்தத் தூண்டில்கள் யாருக்கென்று ஆமைக்குத் தெரியாது. பெருந்தலை ஆமை இரையை விழுங்கித் தூண்டிலையும் விழுங்கும். ஏழுவரி ஆமை பெரும்பாலும் துடுப்பில் குத்துப்பட்டோ கயிற்றில் சிக்கியோ மாட்டும். ஹவாய்த் தீவின் வாள்மீன் படகுகளில் ஆமைகள் இவ்வாறு அகப்பட்டதால் 2001ஆம் ஆண்டில் அந்தத் தொழிலே நிறுத்தப்பட்டது. 2004இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பெரிய வட்டத் தூண்டில் பாவிக்க வேண்டும். கணவாய்க்குப் பதிலாக மீனை இரையாக்க வேண்டும். அதன் பின்னர் பெருந்தலை ஆமைகள் அகப்படுவது ஏறத்தாழ 90 வீதமும், ஏழுவரி ஆமைகள் அகப்படுவது ஏறத்தாழ 83 வீதமும் குறைந்தன.

இவ்வளவு பெரிய மாற்றத்தைப் போதனையால் கொண்டுவர முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருபது வருடங்களாக வகுப்பறையில் நின்று பேசுகிறவன் என்ற முறையில் போதனையின் எல்லை எனக்கு ஓரளவு தெரியும். ஆமையின் மீது இரக்கம் கொள்ளுங்கள் என்று அந்தப் படகுக்காரர்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் ஜே தூண்டிலைப் பாவிக்கும் வரை ஆமைகள் அகப்பட்டே இருக்கும். அவர்களில் எவரும் ஆமையைப் பிடிக்க விரும்பியவர்கள் அல்லர். நல்ல மனம் இருந்தது. தூண்டில்தான் பிழையாக இருந்தது. உள்ளத்தைத் திருத்துவதே ஒழுக்கம் என்று எண்ணும் நமக்கு இது சற்றுச் சங்கடமான உண்மை.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. அங்கே சட்டம் தூண்டிலை மட்டும் நம்பியிருக்கவில்லை. வருடத்துக்கு 17 பெருந்தலை ஆமைகள், 16 ஏழுவரி ஆமைகள் என்று ஓர் எல்லையும் வகுத்திருந்தது. 2006 மார்ச் மாதத்தில் பதினேழாவது பெருந்தலை ஆமை அகப்பட்டது. உடனே அந்த வருடத்தின் எஞ்சிய காலம் முழுவதற்கும் தொழில் மூடப்பட்டது. தூண்டில் நல்லதுதான், ஆயினும் யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

நம்மிடையே இந்தக் கேள்வி வேறொரு வடிவில் எழுவதுண்டு. எட்டாம் வகுப்பில் குர்பான் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், தகப்பன் கடற்றொழில் செய்யும் மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், ஆட்டை அறுக்கக் கத்தியை நல்லாத் தீட்டோணும் என்டு சொல்றீங்க. மீனுக்கு அறுப்பே இல்லையே. அப்ப மீனுக்கு நோகாதா?"

நல்ல கேள்வி. கடல் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டிருக்கிறது. மீனை அறுத்துத்தான் உண்ண வேண்டும் என்ற கடமை இல்லை. இந்தச் சலுகையை நாம் காலப்போக்கில் வேறொன்றாக விளங்கிக்கொண்டோம். அறுக்க வேண்டியதில்லை என்பது, அக்கறைப்பட வேண்டியதில்லை என்றாகிவிட்டது. கத்தியைக் கூர்மையாக்கச் சொல்லும் அதே நபிமொழி, எல்லாவற்றிலும் அழகிய முறையைக் கைக்கொள்ளுமாறு அல்லாஹ் விதித்திருக்கிறான் என்ற பொதுவிதியோடுதான் தொடங்குகிறது. அந்த எல்லாவற்றிலும் கடல் அடங்காது என்று யாரும் சொன்னதில்லை.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களைப் புரட்டினால், அன்றைய இமாம்கள் மீனின் வேதனையையும் யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். சிறிய மீனை அறுப்பது வெறுக்கத்தக்கது என்கிறார்கள், அது வீண் வதை என்பதால். ஆனால் கரைக்கு வந்த பின்னும் நெடுநேரம் உயிரோடு துடிக்கும் பெரிய மீனை அறுத்துவிடுவது விரும்பத்தக்கது என்கிறார்கள், அதன் வேதனை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக. ஹலால் ஆவதற்கு அந்த அறுப்புத் தேவையில்லை. இரக்கத்துக்காக மாத்திரமே அது சொல்லப்படுகிறது. சட்டம் முடிகிற இடத்தில் இரக்கம் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மீனுக்கு நோகுமா என்ற கேள்விக்கு விஞ்ஞானிகளிடம் இன்னும் ஒரே விடை இல்லை. வானவில் ட்ரவுட் என்ற மீனின் தலையிலும் வாயைச் சுற்றியும் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதை லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 2003இல் எடுத்துக்காட்டினார்கள். மனிதன் உணர்வது போன்ற வலியை அது ஆகாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நரம்பு முனைகள் இருப்பதும் வாயைச் சுற்றித்தான். வட்டத் தூண்டில் கொளுவுவதும் வாயில்தான். ஆகவே வட்டத் தூண்டில் நோவைப் போக்குகிறது என்று நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ள முடியாது. விடப்படும் மீன் சாகாமல் தப்ப அது உதவுகிறது. அவ்வளவுதான். அவ்வளவும் சிறிய காரியமல்ல.

விடப்படும் மீன் என்று சொன்னேன். இந்தச் சொல்லில்தான் மிகப் பெரிய சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் உடலில் நீளவரிகள் கொண்ட பாஸ் மீன் ஒன்று உண்டு. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அளவு குறைந்ததைச் சட்டத்துக்காக விடுகிறார்கள். பெரியதைப் பிடித்துப் படமெடுத்துவிட்டு மகிழ்ச்சிக்காகவும் விடுகிறார்கள். விடப்படும் நூறு மீன்களில் ஒன்பது பின்னர் இறந்துபோகின்றன என்பது அந்தக் கரையின் மீன்வள முகாமையாளர்களின் கணிப்பு. நூற்றுக்கு ஒன்பது என்பது சின்னத் தொகையாகத் தோன்றலாம். ஆனால் 2017ஆம் ஆண்டில் மனிதரால் அழிந்த அந்த மீன்களின் மொத்த எண்ணிக்கையில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்கள் வீட்டுக்குக் கொண்டு போனவை 42 வீதம். அவர்கள் கடலில் விட்டு, அதன் பின் இறந்தவை 48 வீதம்.

சற்று நின்று இந்தக் கணக்கை யோசித்துப் பாருங்கள். உண்ணப்பட்டவற்றை விட, விடுவிக்கப்பட்டவற்றில் அதிகமானவை செத்திருக்கின்றன. கொல்ல நினைத்துக் கொன்றதை விட, விட நினைத்துக் கொன்றது அதிகம். அந்தக் கரையில் இந்த மீனுக்கு இயற்கை இரை கோத்துத் தூண்டில் போடும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர் எல்லோரும் வட்டத் தூண்டிலையே பாவிக்க வேண்டும் என்ற விதி 2021இலிருந்து நடைமுறைக்கு வந்ததற்கு இதுவே பின்னணி. அந்த விதி தூண்டிலின் கூர் பக்கவாட்டில் விலகியிருக்கவும் கூடாது என்கிறது. கூர் ஒரு பக்கம் விலகினால் அது மீண்டும் உள்ளே ஏறத் தொடங்கிவிடும்.

விதி நல்லது. ஆயினும் அது இன்னொரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. உண்ணவும் போவதில்லை, விற்கவும் போவதில்லை என்றால் அந்த மீனின் வாயில் ஏன் தூண்டில் ஏற வேண்டும்? உயிருள்ள ஒன்றை அம்பெய்து விளையாடும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். வேடிக்கைக்காக மட்டும் வேட்டையாடுவதை இமாம்கள் பலர் வெறுத்திருக்கிறார்கள். வட்டத் தூண்டில் கையில் இருக்கும்போது இந்த நெருடல் மழுங்கிப்போகிறது. 'நான் பாதுகாப்பான தூண்டில்தான் பாவிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒரே நாளில் ஐம்பது மீன்களின் வாயைக் கிழிக்கலாம். இரக்கமுள்ள கருவி, இரக்கமற்ற பழக்கத்துக்கு அனுமதிச் சீட்டாகிவிடும் அபாயம் இருக்கிறது.

இவ்விடத்தில் அல்குர்ஆன் கூறும் கடற்கரை ஊர் மக்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிப்பது அவர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் கூட்டங் கூட்டமாகக் கரையோரம் வந்தன. அவர்கள் வெள்ளிக்கிழமையே வலை விரித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை சென்று எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். சனிக்கிழமை எங்கள் கை எதையும் செய்யவில்லை, வலைதான் பிடித்தது என்பது அவர்களது வாதம். அந்த வாதம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. வலை செய்தது வலை விரித்தவரின் செயலாகவே கணக்கிடப்பட்டது.

இந்த வரலாற்றைத் தந்திரம் செய்வோருக்கான எச்சரிக்கையாக மட்டுமே நாம் படித்து வந்திருக்கிறோம். அதற்குள் கருவி பற்றிய ஒரு பொதுவிதியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கருவியை ஏவிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. அது செய்யும் தீமை நம்முடையது என்றால் அது செய்யும் நன்மையும் நம்முடையதாகலாம், நாம் அதை எண்ணித் தெரிவுசெய்திருந்தால். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நாம் அறிந்த அடிப்படை. ஆனால் எண்ணம் எந்தக் கணத்தில் பிறக்கிறது? மீன் கடிக்கும் கணத்தில் மட்டும் என்றால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடையில் நின்று இந்தத் தூண்டிலா அந்தத் தூண்டிலா என்று தெரிவுசெய்யும்போதே நிய்யத் தொடங்கிவிடுகிறது. கடலில் அது தெரிவது சுண்டாமல் பொறுத்திருக்கும் கையில்.

அப்படியானால் இலாபத்துக்காக வட்டத் தூண்டிலுக்கு மாறிய ஹலிபட் மீனவர்? மீனைப் பொறுத்தவரை அவரும் நல்லதையே செய்தார். மீன் நமது நிய்யத்தை அறிவதில்லை. நமது தூண்டிலை மட்டுமே அறிகிறது. இரண்டு கணக்குகளையும் நாம் கலந்துவிடக் கூடாது. உயிரினத்துக்கு என்ன நேர்ந்தது என்பது ஒரு கணக்கு. நாம் எப்படிப்பட்டவர்களாக இருந்தோம் என்பது வேறொரு கணக்கு. முதலாவதற்குச் சட்டமும் கருவியும் பெருமளவு போதும். இரண்டாவதற்கு அவை போதா. முதலாவதை மட்டும் பார்ப்பவர் நல்ல அதிகாரியாக இருப்பார். இரண்டாவதை மட்டும் பார்ப்பவர் ஆமைகள் செத்துக்கொண்டிருக்கையில் தனது உள்ளத்தின் தூய்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நமது சமூகத்தில் இரண்டாவது வகையினர் சற்று அதிகம் என்பதே என் அபிப்பிராயம்.

இரக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வட்டத் தூண்டிலில் வாள்மீன் பல கடல்களில் குறைவாகவே அகப்படுகிறது. சுறாக்கள் கூடுதலாக அகப்பட்டதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓர் உயிருக்கு நன்மையானது இன்னோர் உயிருக்குச் சுமையாகலாம். பல வாரங்கள் கடலில் கிடந்து, எண்ணெய்க் கடனோடு கரைக்கு வரும் தொழிலாளியிடம் குறைந்த மீனோடு நிறைந்த இரக்கத்தையும் கொண்டுவா என்று கரையில் நிற்கும் நாம் இலகுவாகச் சொல்லிவிடக் கூடாது. அந்த விலையில் ஒரு பங்கை மீன் வாங்குகிறவர்களும் ஏற்க வேண்டும். ஆனால் விலை உண்டு என்பதற்காகக் கேள்வியே இல்லை என்றாகிவிடாது. இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு 2012இல் நிறைவேற்றிய தீர்மானம், நீண்ட கயிற்றுத் தூண்டில் பாவிக்கும் கலங்கள் ஆமையை விடுவிக்கக் கயிறு வெட்டும் கருவியும் தூண்டில் கழற்றும் கருவியும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை நமது நாட்டின் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன. ஐந்துமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்தக் கருவிகளைப் படகில் வைத்திருப்பது சட்டம். ஆமை அகப்பட்ட இரவில், தூக்கத்தையும் நேரத்தையும் விட்டுக்கொடுத்து அதைப் படகோரம் எடுத்து, தூண்டிலைக் கழற்றி மெதுவாக விடுவது வேறு. அந்த நேரத்தில் கரையிலிருந்து யாரும் பார்ப்பதில்லை.

இஹ்ஸான் என்ற சொல்லுக்கு நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் விளக்கம், அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு செய்வது. கத்தியைத் தீட்டச் சொல்லும் நபிமொழியிலும் இதே சொல்தான் வருகிறது. வணக்கத்துக்கு ஒரு சொல், உயிரைக் கையாள்வதற்கு வேறொரு சொல் என்று அங்கே பிரிக்கப்படவில்லை. நாம்தான் பிரித்துவிட்டோம். அழகாகத் தொழுவதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அழகாகத் தூண்டில் போடுவது என்று ஒன்று இருக்கக் கூடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

அந்த மாணவனுக்கு அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது: "நோகும் என்டு நினைச்சிட்டுப் பிடி மகன். நோகாது என்டு பிறகு தெரிய வந்தாலும் உனக்கொரு நட்டமும் இல்ல." அவன் யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டான்: "அப்ப சாப்பிடத் தேவையான மட்டும்தான் பிடிக்கோணுமா சேர்?" வட்டத் தூண்டிலால் விடை சொல்ல முடியாத கேள்வி அது. கூரை எவ்வளவுதான் உள்ளே மடக்கினாலும், எப்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதை எந்தத் தூண்டிலும் சொல்லித் தராது.